பாதி லீவு

ரெண்டு மாசமா இங்க ஒண்ணும் எழுதல. மஞ்சள் வெட்டு. ஆள் அகப்படறதுக்குள்ள உயிர் போய்டுச்சு. வெட்டி, வேகவெச்சு, இப்பத்தான் களத்துல காயப் போட்டிருக்கு. காவலுக்குக் கட்டில் போட்டு உக்காந்துக்கிட்டு போன்லயே எழுதறேன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

வருஷா வருஷம் எங்கிட்ட மஞ்சள்பொடி வாங்கற சென்னை நண்பர் ஒருத்தர் போன வாரம் கூப்பிட்டார். பொடிக்கு இல்ல. "நீங்க முன்னாடி எழுதினதுல ஒரு இடத்துல, பிள்ளைங்க லீவுக்கு மட்டும் வருவாங்கன்னு இருந்துச்சு. தப்பா நினைக்காதீங்க, லீவை எப்படிப் பிரிச்சுக்கிட்டீங்க?"ன்னு கேட்டார். அவரும் மனைவியும் பரஸ்பர சம்மதத்துல பிரியறதுக்கு மனு போடப் போறாங்களாம். ஆறு வயசுல ஒரு பொண்ணு. லீவு ஏற்பாட்டை நீங்களே பேசி எழுதிட்டு வாங்கன்னு வக்கீல் சொல்லிட்டாராம். "வெள்ளைத்தாளை வெச்சுக்கிட்டு மூணு நாளா உக்காந்திருக்கேன்"னார்.

அரைமணி நேரம் பேசினேன். வெச்சதுக்கு அப்புறம் யோசிச்சா, சொல்ல வேண்டியதை விட்டுட்டு என்னென்னவோ சொல்லியிருக்கேன். அதான் இங்க எழுதறேன்.

பழைய ஆளுங்களுக்கு என் கதை தெரியும். பெங்களூர்ல வேலை. 2014-ல அப்பா தவறினதும் வேலையை விட்டுட்டுத் தோட்டத்துக்கு வந்துட்டேன். வந்துட்டோம்னு எழுத முடியாது. ஒரு வருஷம் பாத்துட்டு, அவங்க சென்னையில வேலை வாங்கிக்கிட்டு பாப்பாவோட போயிட்டாங்க. தம்பி சென்னையில பிறந்தான். 2019-ல தீர்ப்பு வந்தப்ப பாப்பாவுக்கு ஏழு, தம்பிக்கு மூணரை. யார் மேல தப்புங்கறதை இங்க எழுதப் போறதில்ல. முன்னாள் மனைவின்னு எழுதக் கை வர மாட்டேங்குது, அதனால பிள்ளைகளோட அம்மான்னே எழுதறேன்.

அஞ்சு வயசுக்குள்ள இருக்கற குழந்தை சாதாரணமா அம்மாகிட்டதான் இருக்கணும்னு 1956-ம் வருஷத்து இந்து இளவர், காப்பாளர் சட்டமே சொல்லுது. தம்பியை அங்கயும் பாப்பாவை இங்கயும்னு பிரிக்கறதுக்கு எங்க ரெண்டு பேருக்குமே மனசில்ல. அதுல சண்டையே வரல. சண்டை வந்ததெல்லாம் லீவுல.

ஒரே ஊர்ல இருக்கறவங்களுக்கு சனி ஞாயிறு இருக்கு. எங்களுக்கு நடுவுல நானூறு கிலோமீட்டர். மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நான் சென்னை போவேன். பீச், ஒரு ஓட்டல், ஒரு மால்ல எஸ்கலேட்டர்ல ஏறி எறங்கறது, சாயந்திரம் ஆறு மணிக்குத் திரும்ப ஒப்படைக்கறது. அது பாக்கறது, கூட இருக்கறது இல்ல. கூட இருக்கறதுன்னா லீவுலதான். அதனால அந்தத் தாள்ல லீவை எழுதின இடம்தான் எனக்கு உயிர் மாதிரி. எழுதினது இவ்வளவுதான்: மே மாச லீவுல பாதி, காலாண்டு லீவு எனக்கு, அரையாண்டு அவங்களுக்கு, ஒரு வருஷம் தீபாவளி எனக்குன்னா அதுக்கடுத்து வர்ற பொங்கல் அவங்களுக்கு, மறுவருஷம் மாத்தி.

நண்பர் கேட்டதுக்கு நேரான பதில் இங்க ஒண்ணு இருக்கு. "பாதி"ன்னு மட்டும் எழுதாதீங்க. முன் பாதியா பின் பாதியான்னு எழுதுங்க. எங்களுக்கு முதல் வருஷமே அதுலதான் முட்டிக்கிச்சு. எந்த இடத்துல, எத்தனை மணிக்கு ஒப்படைக்கறது, ரயில் சார்ஜ் யாரோடது, அந்த நாள்ல மத்தவங்க போன் பண்ணினா குழந்தைகிட்டக் குடுக்கணுமா, இதெல்லாம் அற்பமாத் தெரியும். எழுதிடுங்க. அப்புறம் இது கல்வெட்டு இல்ல. பிள்ளைகள் விஷயமா போட்ட உத்தரவைப் பின்னாடி மாத்திக்க இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவுல வழி இருக்கு. ஆறு வயசுக்கு எழுதினது பதிமூணு வயசுக்கு ஒத்து வராது. அதுக்குத்தான் வர்றேன்.

நாங்க ஒப்படைக்கற இடம் ஈரோடு ஜங்ஷன். ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி விடிகாலையில வந்து எறங்குவாங்க. பிள்ளைகளை விட்டுட்டு அவங்க திருச்செங்கோட்டு பஸ் ஏறி நாமக்கல் பக்கம் அம்மா வீட்டுக்குப் போயிடுவாங்க. பிளாட்பாரத்துல நின்னு ரெண்டு பேரும் பேசறது ஒரு நிமிஷம். இருமல் மருந்து எந்தப் பையில இருக்கு, தம்பிக்கு எந்தச் செருப்பு கடிக்குது. அவ்வளவுதான்.

இதுல ஒரு வேடிக்கை. கல்யாணமான நாள்லருந்து நான் அவங்களை 'நீ'ன்னுதான் கூப்பிட்டேன். பிரிஞ்சதுக்கு அப்புறம் 'நீ' வாய்க்கு வரல, 'நீங்க'ன்னு சொல்றதுக்கு வெக்கமா இருக்கு. அதனால வாட்ஸப்புல ஆளே இல்லாத பாஷையில எழுதுவேன். "ரயில் ஏறியாச்சா." "சாப்பிட்டாச்சு." "நாளைக்கு அனுப்பலாமா." ஆறு வருஷமா இப்படித்தான். தமிழ்ல இந்த வசதி இருக்கறது எவ்வளவு நல்லதுன்னு இலக்கணம் எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமான்னு தெரியல.

ஊர்ல வேற மாதிரி. தம்பியைக் கூட்டிக்கிட்டு மளிகைக் கடைக்குப் போனா, "லீவுக்கு வந்திருக்குதுங்களா? அம்மா வரலீங்களா?"ன்னு பிள்ளையைப் பாத்தே கேப்பாங்க. கெட்ட எண்ணமில்ல, எங்க ஊர்ல நலம் விசாரிக்கறதே அப்படித்தான். பாப்பா ஒன்பது வயசுலயே "அம்மாவுக்கு ஆபீஸ்ங்க"ன்னு பதில் சொல்லப் பழகிட்டா. அவ அதைச் சொல்ற வேகத்தைப் பாத்தா எனக்கு அடிவயிறு என்னவோ பண்ணும்.

எங்க கிணத்தைப் பத்திச் சொல்லணும். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுக்கிணறு. ரெண்டு நாள் எங்களுக்கு, ரெண்டு நாள் அவங்களுக்கு. அப்பல்லாம் மும்முனைக் கரண்ட் இத்தனை மணியிலருந்து இத்தனை மணி வரைக்கும்தான் வரும். நம்ம நாள்ல கரண்ட் போச்சுன்னா போச்சு, அந்தத் தண்ணி திரும்ப வராது. அப்பா மோட்டார் ரூம்லயே படுத்துக் கெடப்பார், கையில டார்ச், பக்கத்துல அலாரம் கடிகாரம். பத்து நிமிஷம் கூட ஓடிருச்சுன்னு பெரியப்பாவும் அவரும் ஆறு மாசம் பேசாம இருந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. முறைத்தண்ணிங்கறது அப்படித்தான். எனக்கு வேணுமோ வேண்டாமோ, என் நாள் என் நாள்தான்.

பிள்ளைகளோட நாளையும் நான் அப்படித்தான் வெச்சிருந்தேன்னு எனக்கே தெரியல.

2020 மார்ச்ல ஊரடங்கு வந்தது. ரயில் இல்ல, மாவட்டம் தாண்ட இ-பாஸ். அப்புறம் தளர்த்தினாலும், வீட்டுல அம்மாவுக்குச் சக்கரை, நான் எங்கயாச்சும் வாங்கிட்டு வந்துடக் கூடாதுங்கற பயம். பத்து மாசம் பிள்ளைகளைத் தொடல. தெனமும் சாயந்திரம் வீடியோல வருவாங்க. கூட இல்லாத பெத்தவங்களுக்குப் போன்லயும் வீடியோலயும் பேசற உரிமையாவது இருக்கணும்னு அதே 2020-ல யஷிதா சாஹு வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. எனக்கு யாரும் அதைத் தடுக்கல, பிள்ளைகளோட அம்மா ஒருநாள்கூட போனைக் குடுக்காம இருந்ததில்ல. ஆனா நாலு வயசுப் பையன் போன்ல எவ்வளவு நேரம் உக்காருவான்? மாட்டைக் காட்டு, கோழியைக் காட்டுன்னு கேப்பான், காட்டி முடிச்சதும் ஓடிருவான். நான் மாட்டைப் பாத்து நின்னுக்கிட்டு இருப்பேன்.

டைரியில கணக்கு எழுதினேன். கோடை 15, காலாண்டு 5. அடுத்த மே மாசமும் ஊரடங்கு, இன்னொரு 15. ஆக 35 நாள் பாக்கி. 2022-ல எல்லாம் சரியானதும், இந்த மே லீவு முழுசும் எனக்கு வேணும், பாக்கி இருக்குன்னு கேட்டேன். போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "இது என்ன கைமாத்தா?"ன்னு கேட்டாங்க. எனக்குக் கோபம் வந்தது. அந்த வருஷம் அஞ்சு நாள் சேத்துக் குடுத்தாங்க. மிச்சம் 30 நாள்னு டைரியில எழுதி வெச்சேன். இதை எழுதறப்ப வெக்கமா இருக்கு, ஆனா எழுதினேன்.

அந்த 15 நாள்ல நான் செஞ்ச கூத்தைச் சொல்லணுமே. மே மாசம் எங்க காட்டுல ஒண்ணும் இருக்காது. வாய்க்கால்ல தண்ணி நின்னு போயிருக்கும், எள்ளு எடுத்த காடு வெடிச்சுக் கெடக்கும். ஆனா பிள்ளைங்க வர்றாங்கன்னு நொங்கு வெட்டறது, மாட்டுவண்டி இரவல் வாங்கிட்டு வர்றது, கோழி அடிக்கறது, கொடிவேரி அணைக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு தெனமும் நோம்பிதான். ராத்திரி பத்து மணிக்கு ஐஸ் கேட்டாலும் வண்டி எடுத்துட்டுப் போவேன். திட்டவே மாட்டேன். பதினஞ்சு நாள்ல எவன் திட்டுவான்? ஒருநாள் போன்ல அவங்க சொன்னாங்க, "வீட்டுப்பாடம் செய்யலன்னு திட்டறது நானு, நொங்கு வெட்டிக் குடுக்கறது நீங்களா?" நியாயம்தான். அடுத்த வருஷத்துலருந்து ஹோம்வொர்க் நோட்டையும் சேத்து அனுப்பச் சொன்னேன். கட்டுத்தரையில உக்காந்து பின்னக் கணக்கு போட்டோம். தம்பி என்னையும் வெறுக்க ஆரம்பிச்சான். ஒரு மாதிரி சந்தோஷமா இருந்தது.

ஒரு வருஷம் தம்பிக்கு அங்க வெச்சுக் காய்ச்சல். ராத்திரி ரெண்டு மணி, 103. எனக்குக் கை கால் ஓடல, அவங்களுக்குத்தான் போன் அடிச்சேன். மருந்தளவு சொன்னாங்க, ஈரத்துணி போடச் சொன்னாங்க. விடியற வரைக்கும் போனை வெக்கல, ரெண்டு பேரும் பேசவும் இல்ல. கெளம்பி வரட்டுமான்னு அவங்க கேக்கல. பாத்துக்குவாங்கன்னு விட்டாங்களே, அது எனக்குப் பெருசு.

தம்பிக்கு நீச்சல் பழக்கறது ரெண்டு வருஷமா நடக்குது. எங்க காலத்துல இடுப்புல சுரைப்புருடை கட்டி எறக்கி விடுவாங்க, இப்ப அஞ்சு லிட்டர் எண்ணெய்க் கேன். மொத நாலு நாள் படியை விடவே மாட்டான். எட்டாம் நாள் கையைக் காலை அடிப்பான். பன்னெண்டு பதிமூணாம் நாள் ஒடம்பு தண்ணியை நம்ப ஆரம்பிக்கும். நாளைக்குக் கேனை அவுத்துடலாம்னு நான் நினைக்கற அன்னிக்கு ராத்திரி ரயில். அடுத்த மே மாசம் மறுபடி படியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். பாதி லீவுன்னா என்னன்னு யாராச்சும் கேட்டா நான் இதைத்தான் சொல்வேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் ஏப்ரல்ல பாப்பா போன் பண்ணினா. பதிமூணு வயசு. "அப்பா, இந்தத் தடவை நான் அஞ்சு நாள் மட்டும் வரட்டுமா?" பாஸ்கெட்பால் பயிற்சி இருக்காம், தோழி ஒருத்தி வேற ஊருக்குப் போகப் போறாளாம், அவகூட இருக்கணுமாம். "தம்பி பதினஞ்சு நாளும் வருவான்ப்பா"ன்னு சமாதானம் வேற.

நான் அவகிட்ட ஒண்ணும் சொல்லல. போனை வெச்சுட்டு நேரா அவ அம்மாவைக் கூப்பிட்டேன். நீங்கதான் சொல்லிக் குடுத்திருப்பீங்க, தீர்ப்புல என்ன எழுதியிருக்குன்னு தெரியும்லன்னு கேட்டேன். கோபத்துல 'நீங்க' வந்துடுச்சு பாருங்க. "நான் சொல்லல. அவளே உங்ககிட்டப் பேசட்டும்னுதான் போனைக் குடுத்தேன்"னாங்க. வெச்சுட்டாங்க.

பீரோவுலருந்து தீர்ப்பு நகலை எடுத்தேன். வக்கீலம்மாவுக்குப் போன் பண்ணினேன். அவங்க பொறுமையாக் கேட்டுட்டு, விவரம் தெரிஞ்ச வயசுப் பிள்ளைன்னா அது என்ன சொல்லுதுன்னும் கோர்ட் பாக்கும், நீங்க மனு போட்டா உங்க பொண்ணை ஜட்ஜ் ரூமுக்குக் கூப்பிட்டுக் கேக்கலாம், அவளை அங்க உக்கார வெக்கணுமான்னு யோசிச்சுக்கங்கன்னாங்க.

திண்ணையில தாளை விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அம்மா புளி கொட்டை எடுத்துக்கிட்டு இருந்தது. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்கு. "ஏஞ்சாமி, அது உன்ற புள்ளையா, உன்ற பங்கா?"ன்னு கேட்டுச்சு.

அப்புறம் பெரியம்மா கதையைச் சொல்லுச்சு. எனக்குத் தெரிஞ்ச கதைதான். அப்பாவும் பெரியப்பாவும் பேசாம இருந்த வருஷம், எங்க காட்டுல மஞ்சள் நட்டிருந்தோம். மூணாம் நாள் உயிர்த்தண்ணி விடணும். அன்னிக்கு முறை அவங்களோடது. பெரியப்பா வெளியூர் போன நேரம் பாத்து, பெரியம்மா மம்முட்டியை எடுத்துக்கிட்டு வந்து எங்க பக்கம் மடையைத் திருப்பி விட்டுட்டுப் போயிருக்குது. ஒரு வார்த்தை பேசல. "நட்ட கெழங்குக்கு முறை தெரியுமா?"ன்னு மட்டும் அம்மாகிட்டச் சொல்லுச்சாம்.

ராத்திரி பாப்பாவுக்கு மெசேஜ் போட்டேன். அஞ்சு நாள் வா கண்ணு. உனக்கு எந்த அஞ்சு நாள் தோதுன்னு நீயே சொல்லு.

பெருந்தன்மையில போட்டேன்னு நினைச்சுடாதீங்க. போட்டுட்டுத் தூங்கல. அடுத்த வருஷம் மூணு நாளாகும், அப்புறம் கல்யாணப் பத்திரிகை வெக்கறதுக்குத்தான் வருவான்னு என்னென்னவோ நினைப்பு. இப்பவும் அந்தப் பயம் போகல.

வந்தா. மொத ரெண்டு நாள் தூங்கினா. நொங்கு வேண்டாம், அணை வேண்டாம். மூணாம் நாள் நான் களத்துல விதை மஞ்சள் பொறுக்கிக்கிட்டு இருந்தேன், சொத்தை கித்தை இல்லாம மொளைக்கற மூக்கு நல்லா இருக்கறதா எடுக்கணும். கூப்பிடாமலே வந்து எதிர்ல உக்காந்தா. ஒரு மணி நேரம் பேச்சே இல்ல. ரெண்டு கூடை ரொம்பினதுக்கு அப்புறம் கேட்டா.

"அப்பா, நீங்க பெங்களூர்லயே இருந்திருந்தா நாம ஒண்ணா இருந்திருப்போமா?"

எத்தனையோ லீவுல கேட்டிருக்கலாம். மாட்டுவண்டிக்கும் ஐஸுக்கும் நடுவுல கேக்க நேரம் கெடச்சிருக்காது.

"தெரியல பாப்பா"ன்னேன். நெசமாவே தெரியல. "அம்மாகிட்டக் கேட்டியா?"

"கேட்டேன். அம்மாவும் தெரியலன்னுதான் சொன்னாங்க."

அதுக்கப்புறம் அந்தப் பேச்சு இல்ல. ரெண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கோம்ங்கறது அவளுக்கு ஏதோ ஒரு விதத்துல போதுமா இருந்த மாதிரி தெரிஞ்சது. அஞ்சாம் நாள் அவளைத் தனியா ரயில் ஏத்தி விட முடியாதுன்னு நானே கூடப் போய் சென்னையில விட்டுட்டு அடுத்த ரயில்ல திரும்பினேன். தம்பி பத்து நாள் எங்கிட்டத் தனியா இருந்தான். அக்கா இல்லாத பத்து நாள்ல அவன் பேசின பேச்சு, அப்பப்பா.

தீபாவளி எங்கிட்ட. அதனால இந்தப் பொங்கல் அவங்களுக்கு. எங்க பக்கம் பொங்கல்னா மத்த ஊர் மாதிரி இல்ல, மாட்டுப் பொங்கல் அன்னிக்குத்தான் பெரிய நோம்பி, பட்டிப் பொங்கல்ம்போம். கட்டுத்தரையில மண்ணும் சாணியும் வெச்சுத் தெப்பக்குளம் கட்டி, நாலு மூலைக்கும் கரும்பு நட்டு, ஆவாரம்பூ, பூளைப்பூவெல்லாம் வெச்சு, சாமி கும்பிட்டுட்டுக் கன்னுக்குட்டியை அதுல மிதிக்க விடுவோம். பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி மெசேஜ் வந்தது. "தம்பி தெப்பக்குளம் கட்டணும்ங்கறான். பாப்பாவும்தான். மாட்டுப் பொங்கல் அன்னிக்குக் காலையில நாமக்கல்லருந்து கொண்டாந்து விட்டா, மறுநாள் சாயந்திரம் கூட்டிட்டுப் போலாமா."

நான் கேக்கல. டைரியிலயும் எழுதல.

ரெண்டு பேரும் வந்தாங்க. பாப்பா பூளைப்பூ பறிக்கப் போய் முள்ளுல கையைக் கீறிக்கிட்டா. தம்பி கட்டின தெப்பக்குளம் ஒரு பக்கம் ஒடைஞ்சு தண்ணியெல்லாம் என் கால்ல. கன்னுக்குட்டி மிரண்டு தாண்டவே மாட்டேன்னுச்சு, கடைசியில அம்மா பின்னாடி ஒரு தட்டு தட்டுனதும் ஒரே பாய்ச்சல்.

மறுநாள் சாயந்திரம் பஸ் ஸ்டாண்ட்ல நிக்கறப்ப தம்பி சொன்னான், இந்த மே மாசம் கேனை அவுத்துட்டுக் குதிப்பேன்னு. "அவுக்கற அன்னிக்கு மட்டும் அம்மாவும் இருக்கணும்ப்பா. கெணத்து மேல நின்னு பாக்கணும்." கேட்டுப் பாக்கறேன் சாமின்னு சொல்லியிருக்கேன்.

ஆறு வருஷமா அவங்க இந்தத் தோட்டத்துக்குள்ள வந்ததில்ல. "அன்னிக்கு ஒருநாள் வர முடியுமா"ன்னு எழுதி வெச்சிருக்கேன். இன்னும் அனுப்பல. மே மாசத்துக்கு நாள் இருக்கு. களத்துல மஞ்சளைத் திருப்பிப் போடணும், வர்றேன்.